கறுப்பாகத் தெரிவது வெள்ளி

ஊட்டியில் ரேடியோகிராபி (எக்ஸ்ரே படமெடுப்பு) படிக்கும் மாணவர்கள், பிலிமைக் கழுவும் இருட்டறையின் வேதியியலைத் தேர்வோடு மறந்துவிடக் கூடாது; இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை எக்ஸ்ரே பிலிம் தயாரித்த ஊர் அல்லவா இது! பிலிமின் ஜெலட்டின் பூச்சிலுள்ள சில்வர் புரோமைடு படிகங்களில் கதிரின் தாக்கம் பெற்றவற்றை, படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பரிலுள்ள ஹைட்ரோகுயினோன் எலக்ட்ரான் கொடுத்து உலோக வெள்ளியாக ஒடுக்குகிறது. மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால் அந்த வெள்ளி கறுப்பாகத் தெரிகிறது. எஞ்சிய படிகங்களை படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்சரிலுள்ள தயோசல்பேட் கரைத்துவிடுகிறது.

எலும்பு வெண்மையாகப் பதிவதற்கு அதன் நிறம் காரணமன்று. எலும்பிலுள்ள, அணு எண் 20 கொண்ட கால்சியம், ஒளிமின் விளைவால் (கதிரின் ஆற்றலை அணுவின் எலக்ட்ரான் ஏற்று வெளியேறுவதால்) கதிர்களைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால், பின்னாலுள்ள பிலிமுக்குக் குறைவான கதிர்களே வந்து சேர்கின்றன; அங்கே கறுப்பு வெள்ளியும் குறைவாகவே உருவாகிறது. இவ்வுறிஞ்சல் ஏறத்தாழ அணு எண்ணின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால்தான், குடல் படத்துக்கு அணு எண் 56 கொண்ட பேரியத்தை, நீரில் கரையாத சல்பேட்டாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.