அப்பா கேட்ட இருநூறு

2003ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பா ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த இரவு, பெட்டியைத் திறந்து ஒடியல், பினாட்டு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அடியில் வேட்டிக்குள் சுற்றியிருந்த இரண்டு கட்டு விளையாட்டுக் காட்ஸை மட்டும் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "இஞ்சை இது விக்கிறாங்களோ எண்டு தெரியாது" என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் பருத்தித்துறைப் பக்கம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். 1990இல், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயில் நின்றுபோனது. அதற்கு அடுத்த ஆண்டு நான் ஊரைவிட்டு வந்தேன். அம்மாவின் செத்தவீட்டுக்கும் என்னால் போக முடியவில்லை. போர்நிறுத்தம் வந்து, 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்த பிறகுதான் அப்பா வான் பிடித்துக் கொழும்புக்கு வந்து, ஸ்பொன்சர் அலுவல்களை முடித்து விமானம் ஏறினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்த மகனிடம் அவர் முதலில் கேட்டது, "உனக்கு எப்பிடியடா எனக்கு முன்னம் தலை வெளிச்சது?" என்பதே.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாங்கள் ஸ்காபரோவில் குடியேறிவிட்டதாகத்தான் நினைத்திருந்தோம். வீடு வாங்கியிருந்தோம், கடனும் இருந்தது. நான் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து உள்ளே வரும்போது மனைவி பகல் வேலைக்கு வெளியே போவாள். கதவடியில் கார்த் திறப்பைக் கைமாற்றிக்கொள்வதே பல நாட்களில் எங்கள் சம்பாஷணை. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தை ஐந்து ஆண்டுகளாகத் தலையசைப்பால் மட்டுமே அறிந்திருந்தோம்.

அப்பாவுக்கு ஆள் பிடிக்க மூன்று வாரம் போதுமாக இருந்தது. ஏப்ரல் மாதத்திலும் குரங்குத் தொப்பியைக் கழற்றாமல் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவன் நிச்சயமாக யாழ்ப்பாணத்தான் என்பது அவருடைய துப்பறியும் முறை. அப்படிப் பிடித்த மூவரையும் எங்கள் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் அங்கே முந்நூற்றுநாலு என்ற காட்ஸ் ஆட்டம் நடக்கும். ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழு முதல் ஆசு வரை முப்பத்திரண்டு கடுதாசிகள், எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கிங் 3, குயின் 2. நான்கு சாதியையும் கூட்டினால் 304. முதல் நான்கு கடுதாசிகளை மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை புள்ளி எடுப்போம் என்று 160இலிருந்து ஏற்றிக் கேட்க வேண்டும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். நிதானமானவர்கள் 170இல் நின்றுவிடுவார்கள். அப்பாவோ கையில் ஒன்றும் இல்லாமலே, விபூதி பூசிய நெற்றியோடு, இருநூறு கேட்பார். பாதி நாட்களில் எதிராளிகள் பயந்தே பிழை விடுவார்கள்; மீதி நாட்களில் அப்பாவும் அவருடைய பங்காளியும் தோற்பார்கள்.

தோற்றவர் காதில் உடுப்புக் கிளிப் மாட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எங்கள் வீட்டில் உடுப்புக் காயவிடும் கொடியே கிடையாது, எல்லாம் மெஷின். ஆகவே இந்த ஒரு தேவைக்காகவே டொலர் கடையில் கிளிப்புகள் வாங்கி, ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்திருந்தார். பச்சைக் கிளிப் இரண்டு காதிலும் தொங்க, சோற்றுத் தட்டோடு மேலே வந்து மருமகளிடம் மரியாதையாக ரசம் கேட்பார்.

என் மகனுக்கு அப்போது நான்கு வயது. இஸ்கோப்பன் (ஸ்பேட்), கலாவரை (கிளப்) என்ற காட்ஸ் சாதிப் பெயர்களைத்தான் அவன் முதலில் கற்றான். அவை ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள் என்பதை நானே மிகப் பிந்தித்தான் அறிந்தேன். பாடசாலையில், இவ்வளவு விரைவாக எப்படிக் கூட்டுகிறாய் என்று ஆசிரியை கேட்டபோது, அப்பப்பாவோடு சூதாடுவதாக ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறான். என் மனைவி வேலையிலிருந்து அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போய் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

சித்திரை வருடப் பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிக்காமல், அதாவது தேங்காயால் தேங்காயை அடித்து உடைத்து விளையாடாமல், இருக்க அவரால் முடியவில்லை. கராஜ் வாசலில் ஓரமாகப் பனி இன்னும் கறுத்துக் கிடந்த ஒரு வருடம், தமிழ்க் கடைத் தேங்காய்கள் ஒரே அடியில் பிளந்துபோக, "இது தேங்காயே, முட்டையெல்லோ!" என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் சீனத்துத் தாத்தா எட்டிப் பார்த்தார். அப்பா ஒரு தேங்காயை நீட்டினார். அந்த மனிதர் ஓங்கி அடித்த அடியில் அப்பாவின் கடைசித் தேங்காயும் சிதறியது. அதற்குப் பிறகு இருவரும் கோடை முழுவதும் ஒன்றாகப் பயற்றங்காய்க்குக் கொடி கட்டினார்கள். என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள்.

பத்து ஆண்டு வசித்தால் முதியோர் ஓய்வூதியம் கிடைக்கும் என்ற விதிப்படி அவருக்கு முதல் பணம் வந்தபோது, "பத்து வருசம் காட்ஸ் விளையாடினதுக்குக் கனடா சம்பளம் தருகுது" என்று ஊருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார்.

2019 பெப்ரவரியில், எண்பத்து நான்காவது வயதில், நித்திரையிலேயே போய்விட்டார். ஊரென்றால் செத்தவீட்டில் விடிய விடியக் காட்ஸ் நடக்கும். இங்கே பார்வைக்கு வைக்கும் மண்டபத்தை இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடி, நேரம் பார்த்துப் பார்த்துக் கிரியையை முடித்தோம். அவருக்கு அவ்வளவு ஒழுங்கு பிடித்திருக்காது.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகும் அந்த மூவரும் பேஸ்மென்ட்டிலேயே இருந்தார்கள். மேசையில் காட்ஸ் இருந்தது, யாரும் தொடவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த என் மகன் இறங்கிப் போய், நான்காவது கதிரையில் இருந்து, குலைத்துப் போட்டான். தன்னுடைய நான்கு கடுதாசிகளைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இருநூறு" என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்தக் கை தெரிந்தது. இரண்டு ஏழு, ஒரு எட்டு, ஒரு குயின்.

மிகவும் கேவலமாகத் தோற்றார்கள். அவன் எழுந்து பால்மா ரின்னைக் கொண்டுவந்து தன் காதில் இரண்டு கிளிப்பை மாட்டிக்கொண்டான். எதிரே இருந்த பங்காளிக்கு எண்பத்தொரு வயது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரின்னுக்குள் கையை விட்டு, தனக்கும் இரண்டு பச்சை தேடினார்.