எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லும் டெங்கு அக்காவும்

கொசுப் புகை வண்டி ஏன் வரவில்லை என்று கவுன்சிலருக்கு இரண்டு முறை போன் போட்டவன் நான். வண்டி வரவில்லை. வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை டெங்கு அக்காதான் வந்தார். நகராட்சிக் கணக்கில் அவர் டிபிசி பணியாளர், அதாவது வீடு வீடாகப் போய்க் கொசுப் புழு தேடி அழிப்பவர். தோளில் பை, கையில் டார்ச், ஒரு பாட்டிலில் தண்ணீரில் ஊற்றிப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து.

மாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கியவர், கொல்லைப்பக்கம் போனார். அங்கே அம்மாவின் ஆட்டுக்கல் கிடக்கிறது. மாவரைத்து இருபது வருஷமாயிற்று, தூக்கிப்போட மனசில்லை. குழியில் மழைத் தண்ணீர். டார்ச் அடித்ததும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின.

"சார், இது டெங்கு கொசுப் புழு. சாக்கடையில வளராது, இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான்."

பக்கத்தில் கிடந்த கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு மண்ணில் ஊற்றினார். (அந்தக் கொட்டாங்கச்சிக்கும் திட்டு விழுந்தது.) அப்புறம் தேங்காய் நாரால் குழியைச் சுற்றி அழுத்தித் தேய்த்தார். முட்டை தண்ணீரில் இல்லை, ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். வாரம் ஒரு முறை வீடு வீடாக வருவதன் கணக்கே இதுதான். ஒரு வாரம் தவறினால் அந்த வீட்டுப் புழுவெல்லாம் கொசு.

புகையைப் பற்றிக் கேட்டேன். பறக்கிற கொசுவைத்தான் அது கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது என்றார். யாருக்காவது டெங்கு வந்தால் அந்த வீட்டைச் சுற்றி அடிப்பார்களாம். யோசித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. இந்தக் கொசு கடிப்பது பகலில், ஒளிந்திருப்பது கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணியிலும். புகை வண்டி சத்தம் கேட்டதும் நாம் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது!

அபேட் விஷயத்தில் மட்டும் என் மனைவி ஒவ்வொரு வாரமும் சண்டை. "குடிக்கிற தண்ணிம்மா அது!" உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கே அனுமதித்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதாவது 1000 லிட்டர் தொட்டிக்கு, அபேட்டில் புழுவைக் கொல்லும் சரக்கான டெமிபாஸ் 1 கிராம். நான் சொன்னால் எடுபடாது, அக்கா சொன்னால் ஒருவழியாகத் தொட்டி திறக்கும்.

எதிர்வீட்டு வாசலில் நின்று நோட்டில் என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'பூட்டு'. மேலே மூன்று செவ்வாய்க்கும் அதே சொல். வீட்டுக்காரர் பெங்களூரில். மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து நாலு நாளாகிறது.