டிரைடெண்ட் விமானி அறைக்கு மறுபடியும் விளக்கேற்றிய அனுபவம்

இங்கிலாந்தில் தன்னார்வலர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய விமான அருங்காட்சியகத்தில் மின்வேலை பார்க்கிறேன். பிழைப்புக்கு வேறு தொழில் இருக்கிறது. வார இறுதிகள் இதற்கு. டிரைடெண்ட் 3பி பயணிகள் விமானத்தின் மூக்குப் பகுதி ஒன்று எங்களிடம் வந்ததிலிருந்து, அதில் மக்கள் ஏறி உட்காரும்படி காட்சிக்கு வைத்தது வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். பழைய விமானி அறையைச் சீர்செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு எந்த இடத்தில் நேரம் போகும், எதற்குப் பயப்பட வேண்டும் என்பது இதில் ஓரளவு தெரியும்.

டிரைடெண்டை இன்று பலருக்குத் தெரியாது. ஹாக்கர் சிட்லி நிறுவனம் ஹாட்ஃபீல்டில் கட்டிய மூன்று எஞ்சின் ஜெட் அது. முதலில் பறந்தது 1962 ஜனவரி 9 அன்று. மொத்தம் 117 விமானங்கள்தான் செய்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு சீனாவுக்குப் போனது. இங்கே பி.இ.ஏ. (பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ்) நிறுவனமும் பிறகு பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஓட்டின. 1986 தொடக்கத்தில் வந்த புதிய இரைச்சல் விதிகளுக்கு அந்த எஞ்சின்கள் ஒத்துவராது என்பதால் 1985 கடைசி நாளோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. முழு விமானத்தை நிறுத்த இடமோ பணமோ இல்லாதவர்கள் மூக்கை மட்டும் வெட்டி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படித் தப்பிய ஒன்றுதான் எங்களுடையது. முன்கதவு வரை இருக்கிறது, அதற்குப் பின்னால் வெட்டுக் காயம்.

வந்தபோது அதன் நிலை மோசம். பல வருடம் வெட்டவெளியில் நின்றிருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியிருந்த சீலண்ட் காய்ந்து வெடித்து, மழைத் தண்ணீர் கருவிப் பலகைக்குப் பின்னால் இறங்கித் தரைக்கு அடியில் தேங்கியிருந்தது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, ஆனால் அரிக்கும். ரிவெட் வரிசைகளில் வெள்ளைப் பொடி பூத்து, தகடு அடுக்கடுக்காக உரிந்துவந்தது. முன்பக்கக் கண்ணாடிகள் பல அடுக்கு ஒட்டிச் செய்தவை. ஓரங்களில் அடுக்கு பிரிந்து பால் கலந்ததுபோல் மங்கியிருந்தன. கருவிகளில் பாதிக்கு மேல் இல்லை, அந்த இடத்தில் வட்ட வட்ட ஓட்டைகள். வெட்டியவர்கள் வயர் கட்டுகளைக் கட்டிங் பிளேடால் ஒரே வெட்டாக அறுத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வயர் முனைகள், எது எங்கே போனது என்று தெரியாமல் தொங்கின.

எல்லோருக்கும் உடனே ஸ்குரூடிரைவரை எடுக்கத்தான் கை வரும். எங்கள் குழுவை வழிநடத்திய ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர் விடவில்லை. முதலில் எதையும் தொடாமல் படம் எடுக்கச் சொன்னார். அப்புறம் ஆபத்தான சாமான்கள். ஆக்சிஜன் சிலிண்டர், கைத் தீயணைப்பான் இரண்டையும் உரிய ஆளைக் கூப்பிட்டுக் காலி செய்து எடுத்தோம். சூடான காற்றுக் குழாய்களைச் சுற்றியிருந்த பொதிவில் கல்நார் இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பினோம், முடிவு வரும்வரை உள்ளே யாரும் போகவில்லை. பழைய பிரைமரில் குரோமேட் இருக்கும், அதை உலர்ந்தபடி தேய்த்தால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும், முகமூடி கட்டாயம்.

ரேடியம் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய காலக் கருவிகளின் முள்ளிலும் எண்ணிலும் கதிரியக்கம் கொண்ட ரேடியம் கலந்த பெயிண்ட் பூசுவார்கள். அதோடு சேர்ந்த துத்தநாக சல்பைடு சில வருடங்களில் கெட்டுப்போய் ஒளிர்வது நின்றுவிடும். அதைப் பார்த்து ஆபத்து போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். எங்கள் விமானத்தோடு வந்த கருவிகளில் கவலைப்பட எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் காலி ஓட்டைகளை நிரப்ப நாங்கள் பழைய விமானச் சாமான் சந்தையில் வாங்கிய ஒரு கடிகாரத்துக்கு அருகே, கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கவுண்டரைக் கொண்டுபோனதும் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அது இன்னும் பழைய ராணுவ விமானத்துடையது. கண்ணாடி உடையாத வரை கையில் பிடிப்பதில் பெரிய கேடு இல்லை, ஆனால் பொதுமக்கள் உட்காரும் மூடிய அறையில் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தோம். வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு கருவியையும் இப்போது வாசலிலேயே சோதிக்கிறோம். இந்த வேலையில் இறங்குகிற யாரும் ஒரு கைகர் கவுண்டர் வாங்காமல் தொடங்காதீர்கள்.

அடுத்து வந்தது பெரிய விவாதம். எந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுபோவது? தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்போலப் பளபளப்பாக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். புதுசாகத் தெரிந்தால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். நான் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றேன், இப்போதும் அங்கேதான் நிற்கிறேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடிகளில் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறது. இருக்கைக்குப் பக்கத்தில் விமானிகள் காலை எடுத்துப்போடும் இடத்தில் விளிம்பு மழுங்கியிருக்கிறது. பலகையில் ஒரு மூலையில் யாரோ பென்சிலால் ஒரு அலைவரிசை எண்ணைக் குறித்துவைத்திருக்கிறார். பதினைந்து வருடம் மனிதர்கள் வேலை செய்த அறை இது. அந்தத் தேய்மானத்துக்கு மேல் பெயிண்ட் அடித்தால் அவர்களை அழித்ததாகிவிடும். கடைசியில் ஒரு கோடு கிழித்தோம்: வேலையால் வந்த தேய்மானம் அப்படியே இருக்கும்; கைவிட்டதால் வந்த சேதம் மட்டும் சரிசெய்யப்படும். மழை அரித்ததைச் சுரண்டிப் பூசினோம், கை தேய்த்ததைத் தொடவில்லை. எது எது என்று பிரிப்பதற்காகப் பலகை பலகையாக உட்கார்ந்து பேசியதில் பல மாதம் போனது. அது வீண் நேரம் இல்லை.

இன்னொரு விதியும் வைத்துக்கொண்டோம். நாங்கள் செய்வது எதுவானாலும் பின்னால் வருகிறவர் அவிழ்த்து எடுக்க முடிய வேண்டும். வேறு விமானத்திலிருந்து எடுத்துப் பொருத்திய கருவிக்குப் பின்புறம் மஞ்சள் சீட்டு, பதிவேட்டில் ஒரு வரி. கழற்றிய பழைய பாகம் பெயர் எழுதிய பையில் பத்திரமாக இருக்கும்.

இனி என் பங்கான மின்சாரம். விமானத்தில் விளக்குகளும் ரிலேக்களும் பெரும்பாலும் 28 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும், அதற்கு ஒரு நல்ல பவர் சப்ளை போதும். பல கருவிகளுக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் வேண்டும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். அலைவெண் (ஹெர்ட்ஸ்) கூடினால் டிரான்ஸ்ஃபார்மரையும் மோட்டாரையும் சிறிதாக, எடை குறைவாகச் செய்யலாம் என்பதால் விமானங்களில் 400. அதற்காக ஒரு இன்வெர்ட்டர் தேடிப் பிடித்தோம். ஆனால் பொதுமக்கள் கைபடும் இடத்தில் 115 வோல்ட் ஓடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆகவே மக்கள் தொடும் சுவிட்சுகளுக்கும் விளக்குகளுக்கும் தாழ்ந்த மின்னழுத்தம் மட்டும், அதுவும் தனி ஃபியூஸோடு. பழைய குண்டு பல்புகள் சூட்டைக் கக்கிப் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும் என்பதால் எல்.இ.டி. போட்டோம். முதலில் போட்ட எல்.இ.டி.யின் நீல வெள்ளை வெளிச்சம் அறையையே வேறு காலத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் தருவதைத் தேடி மாற்றிய பிறகுதான் முன்னாள் விமானிகள் தலையசைத்தார்கள்.

அவர்கள் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. பி.இ.ஏ.வில் டிரைடெண்டை மூன்று பேர் ஓட்டினார்கள், மூவருமே விமானிகள். மூன்றாமவர் பின்னால் உட்கார்ந்து அமைப்புகளைக் கவனிப்பார். எந்தச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கும், எது யார் கைக்கு எட்டும் என்பதெல்லாம் கையேட்டில் பாதிதான் இருக்கிறது. மீதி அவர்கள் கையில் இருந்தது. இருக்கையில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "ஹீத்ரோவில் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்றால் போதும். கை தானாகவே போகும். நாங்கள் குறித்துக்கொண்டோம்.

டிரைடெண்டின் பெருமை பனிமூட்டத்தில் தானாகத் தரையிறங்குவது. 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து பயணிகளோடு ஹீத்ரோ வந்த ஒரு டிரைடெண்டைக் கடைசிக் கட்டத்தில் மூக்கைத் தூக்கித் தரைதொட வைத்தது தானியங்கி அமைப்புதான். பயணிகள் சேவையில் உலகத்திலேயே அது முதல் முறை. ஒரே கணக்கை மூன்று தனித்தனி வழிகள் போடும், ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால் அதை அமைப்பு ஒதுக்கிவிடும். இந்தக் கணக்கைப் போடும் மின்னணுப் பெட்டிகளுக்கெல்லாம் மூக்கின் அடியில் இடம் வேண்டியிருந்ததால்தான் முன்சக்கரத்தை நடுக்கோட்டில் வைக்காமல் சுமார் 60 செ.மீ. இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள், அது பக்கவாட்டில் மடங்கும். எங்கள் தாங்கியை வடிவமைத்தபோது இதை மறைக்காமல், குனிந்து பார்த்தால் தெரியும்படி விட்டிருக்கிறோம்.

தரை தொட்டுவிட்டால் மட்டும் போதாதே, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் நேராக ஓட வேண்டுமே? அதற்குக் கருவிப் பலகையின் மேல் விளிம்பில், கண்ணாடிக்குக் கீழே, திருகுக் கோடு போட்ட சிறிய உருளை ஒன்று படுத்திருக்கும். அது சுழலும்போது கோடுகள் இடமோ வலமோ நகர்வதுபோல் தெரியும். விமானி அதை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் படும், கோடு ஓடும் பக்கம் திருப்பினால் போதும். எங்களுடையதில் மோட்டார் இறுகிப்போயிருந்தது. என் விருப்பத்துக்குரிய வேலை இதுதான். பழைய மோட்டாரைப் பைக்கு அனுப்பிவிட்டு, அதே தாங்கியில் ஒரு சிறிய ஸ்டெப்பர் மோட்டாரையும், ஓட்ட ஒரு மைக்ரோகண்ட்ரோலரையும் வைத்தேன். உருளை அசல்தான். பார்வையாளர் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக்கு வெளியே பொருத்திய வெள்ளைத் திரையில் பனி நிறையும், உருளை சுழலத் தொடங்கும். கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பிய ஒரு சிறுமி, "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எந்தப் பக்கம் போகணும்னு தெரியுது" என்று கத்தினாள். அந்தக் கருவியை இதைவிடச் சரியாக விளக்க எங்கள் காட்சிப் பலகையில் எழுதியது எதுவும் போதாது.

காட்சிப் பலகை எழுதும்போது ஸ்டெயின்ஸ் விபத்தைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. 1972 ஜூன் 18 அன்று ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய டிரைடெண்ட் ஸ்டெயின்ஸ் அருகே விழுந்து, அதிலிருந்த 118 பேரும் இறந்தார்கள். மெதுவாகப் பறக்கும்போது தாங்கும் சக்திக்காக இறக்கி வைத்திருக்கும் இறக்கையின் முன்விளிம்பை மடக்கும் நெம்புகோல், வேகம் போதாத நேரத்தில் இயக்கப்பட்டது. விமானி அறையின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி பிரிட்டனில் கட்டாயமாக்கப்பட்டதற்கு அந்த விபத்து காரணம். எங்கள் விமானம் பிந்தைய வகை, முன்விளிம்பு அமைப்பும் வேறு. இருந்தாலும் சேர்த்தோம். இறந்தவர்களின் உறவினர்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்டு நாங்கள் சொல்வதாக இருக்கக் கூடாது.

மக்களை உள்ளே விடுவது எளிதல்ல. குழந்தைகள் இழுக்காத கைப்பிடி கிடையாது. எல்லாவற்றையும் பாலிகார்பனேட் தகட்டால் மூடினால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிபோல் ஆகிவிடும், எதையும் மூடாவிட்டால் ஒரு கோடையில் சுவிட்ச் மூடிகள் காணாமல் போய்விடும். த்ராட்டில், ஸ்டியரிங், சில சுவிட்சுகள் இவற்றைத் தொடலாம். தேய்மானம் நிறைந்த இடப்பக்கப் பலகைக்கும் பென்சில் எண்ணுக்கும் மட்டும் தகடு போட்டோம். ஒரு தன்னார்வலர் எப்போதும் உள்ளே இருப்பார். இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் வைத்திருந்த ஒரே டிரைடெண்டில் பயணம் செய்த ஒரு பெரியவர் வந்து, மூன்றாம் விமானி இருக்கையில் உட்கார்ந்து எங்களை எழ விடாமல் கதை சொன்னார். அன்றைய வரிசை கதவுக்கு வெளியே வரை நின்றது, யாரும் முறைக்கவில்லை.

இன்னும் வேலை இருக்கிறது. நடுப் பலகையில் நகரும் வரைபடம் ஒன்று உண்டு: காகித வரைபடச் சுருள் மோட்டாரால் உருள, விமானத்தின் இருப்பிடத்தை ஒரு முள் அதில் கோடாக வரைந்துகொண்டே போகும். பெட்டி எங்களிடம் இருக்கிறது, சுருள் இல்லை. அச்சடித்த போலி ஒன்று இப்போது உள்ளே இருக்கிறது, அதில் மஞ்சள் சீட்டும் இருக்கிறது. டிரைடெண்டில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பரணில் அசல் சுருள் எங்காவது கிடந்தால், அதை எங்களுக்குத் தர வேண்டியதில்லை, ஸ்கேன் செய்ய ஒரு மணி நேரம் விட்டால் போதும். அதற்கு முன்னால், மழைக்காலம் தொடங்குமுன், வலப்பக்கக் கண்ணாடியின் சீலண்டை உரித்துப் புதுசாகப் பூச வேண்டும்.