புதிய ஹெட்போன் வாங்குவதா: ஆறு வாரச் சோதனைக் குறிப்பு

எட்டு ஆண்டுகளாக நான் இரவில் பாட்டுக் கேட்பது ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் ஹெட்போனில்தான். 2014இல் வெளிவந்த மாதிரி அது. 285 கிராம் எடை, 38 ஓம் மின்தடை, மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் வசதி என்று குறை சொல்ல முடியாத உழைப்பாளி. அதைவிட மேலான ஒன்றை வாங்கினால் என்ன என்ற எண்ணம் ஆண்டிறுதி போனஸ் வந்த வாரத்தில் தோன்றியது. உடனே 1,500 சிங்கப்பூர் வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தேன். அப்படி ஒதுக்கிய பணம் நம்மைச் சும்மா இருக்க விடுவதில்லை என்பதை அடுத்த சில நாள்களில் தெரிந்துகொண்டேன்.

வாங்குவதாக இருந்தால் மூடிய வகைதான் என்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. செங்காங்கில் நாங்கள் இருப்பது நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மகள் இன்னும் எங்கள் அறையில்தான் உறங்குகிறாள். திறந்த வகை ஹெட்போனில், ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கரான டிரைவரின் பின்பக்க ஒலி தடையின்றி வெளியே போய்விடுவதால் இசை காற்றோட்டமாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் என் மைத்துனர் வைத்திருக்கும் சென்ஹைசர் எச்டி 600ஐ ஓர் இரவு போட்டுப் பார்த்தபோது, கட்டிலின் மறுமுனையிலிருந்த மனைவிக்கு மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முழுவதும் கேட்டது. மூடிய வகையில் அந்தப் பின்பக்க ஒலி காதை மூடும் கிண்ணத்துக்குள்ளேயே மோதி எதிரொலிக்கும். அதை அடக்குவதற்குத்தான் விலை உயர்ந்த மாதிரிகளில் உள்ளறை வடிவத்துக்கும் உறிஞ்சும் பொருளுக்கும் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

முதல் சனிக்கிழமை கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்குப் போனேன். சிங்கப்பூரில் ஒலிக்கருவிப் பித்து உள்ளவர்கள் அனைவரும் ஒருநாள் வந்துசேரும் இடம் அது. நான் கேட்க விரும்பியது பிரெஞ்சு நிறுவனமான ஃபோக்கலின் செலஸ்டீ. 2021இல் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டாலர் விலையில் வெளிவந்த மூடிய வகை அது. கல்யாணியில் அரை மணி நேர வீணை ஆலாபனை ஒன்றையும், பழைய கச்சேரிப் பதிவு ஒன்றையும், எண்பதுகளின் திரைப்பாடல்கள் சிலவற்றையும் கைப்பேசியில் கொண்டுபோயிருந்தேன். என் ஹெட்போனையும் செலஸ்டீயையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில், பத்தே நிமிடத்தில் என் பழைய துணை சாயம்போன சட்டை போலாகிவிட்டது. தம்பூராவின் நான்கு தந்திகளும் தனித்தனியே எண்ணும்படி கேட்டன. அன்றே வாங்கியிருப்பேன், கடையில் இருந்தது சோதனைக்கான ஒன்று மட்டும், புதியது வர ஒரு வாரமாகும் என்றார்கள்.

வீடு திரும்பும்போது ரயிலில் கழுத்தைத் துடைத்தேன். விரலில் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. என் ஹெட்போனின் காதுப் பேடுகள் பல மாதங்களாக உரிந்துகொண்டிருந்தன. பார்க்கத் தோலைப் போலிருந்தாலும் அது துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன்தான். ஈரப்பதமும் வியர்வையும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையில் சிதைந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஒரு ஜோடி இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கினால் அதிகம். அதாவது கடையில் நான் ஒப்பிட்டது இரண்டு ஹெட்போன்களை அல்ல; புதுப் பேடு போட்ட ஒன்றையும் பேடு செத்துப்போன மற்றொன்றையும்.

முப்பது வெள்ளிக்குள் புதிய ஜோடி ஒன்று வாங்கினேன். பழையதைக் கழற்ற ஒரு நிமிடம் போதும், புதியதை மாட்டத்தான் பொறுமை வேண்டும். பேடின் பின்னால் தொங்கும் மெல்லிய விளிம்பை, கிண்ணத்தைச் சுற்றியுள்ள காடிக்குள் ஓரிடத்தில் நுழைத்து, ஊறுகாய்ச் சாடியின் வாயில் துணி கட்டுவதுபோல் இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றிவர வேண்டும். முக்கால் சுற்று வந்ததும் தொடங்கிய இடம் நழுவிவிடும். மூன்றாவது முயற்சியில் வலது பக்கமும், அதற்குள் கை பழகிவிட்டதால் முதல் முயற்சியிலேயே இடது பக்கமும் அமைந்தன. பழைய பேடைப் புதியதன் அருகில் வைத்துப் பார்த்தேன். உள்ளிருந்த பஞ்சு பாதி உயரத்துக்கு அமுங்கியிருந்தது. அன்றிரவு போட்டபோது அடித்தொனி திரும்பி வந்தது. காது டிரைவரிலிருந்து தள்ளிப்போனதால் மேல்தொனியின் கூர்மையும் சற்றுத் தணிந்தது.

கடையில் நான் செய்த இன்னொரு பிழை அதைவிடப் பெரியது. செலஸ்டீயின் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல், எம்50எக்ஸினுடையது 99. மின்தடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கைப்பேசியின் ஒலியளவைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் போட்டால், விலை கூடியது ஏறத்தாழ 6 டெசிபல் உரக்கக் கேட்கும். உரக்கக் கேட்பதை மனிதக் காது நல்லதென்று எடுத்துக்கொள்ளும் என்று பலமுறை படித்திருந்தும், ஆசை முன்னால் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் வாரத்தில் மூக்குக் கண்ணாடிக்கு வந்தேன். மூடிய வகையில் அடித்தொனி முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் பேடு தலையோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். என் கண்ணாடியின் காம்பு தடித்த பிளாஸ்டிக்கால் ஆனது. காதுக்கு மேலே பேடைத் தூக்கி ஒரு சிறு சந்து உண்டாக்குகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். மங்கலாக இருந்த முழக்கம் சட்டென்று தலையை நிறைத்தது. சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றைக் காதுமடலருகே ஒட்டி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தபோது, கண்ணாடியுடன் 40 ஹெர்ட்ஸில் 7 டெசிபல் குறைந்திருந்தது. அந்த மைக்கின் அளவு துல்லியமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே மைக், அதே தலை, அதே இரவு என்பதால் வேறுபாட்டை நம்பலாம். புதிய ஹெட்போன் வாங்கியிருந்தாலும் இந்தச் சந்து அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆம்ப்ளிஃபயரை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நண்பரிடம் இரவல் வாங்கிய மேசை ஆம்ப்பையும் நான் ஹெட்போனைச் செருகிக் கேட்கும் சிறிய யுஎஸ்பி இணைப்பையும் மறைத்துவைத்து ஒப்பிட்டேன். 60 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு மல்டிமீட்டரால் இரண்டின் மின்னழுத்தத்தையும் ஒரு விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன். மலிவான மல்டிமீட்டர்கள் அந்த அதிர்வெண்ணை ஒட்டித்தான் சரியாக அளக்கும். மனைவி நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று என்று கம்பியை மாற்றினாள். ஒன்பதாவது சுற்றில், “ஏங்க, எல்லாம் ஒரே பாட்டுத்தானே? இன்னும் எத்தனை தடவை?” என்றாள். பன்னிரண்டில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஏழோ அதற்கு மேலோ சரியாக வர 39 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆம்ப் நண்பரிடமே திரும்பிப் போனது.

நான்காம் வாரத்தில் மைத்துனரின் தயவால் உண்மையான ஒப்பீட்டுக்கு வழி பிறந்தது. அவரிடம் செலஸ்டீயும் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. “ரெண்டு வாரம் வச்சிக்குங்க மச்சான், என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு,” என்று பெட்டியோடு கொடுத்தார். இம்முறை ஒலியளவை மைக் கொண்டு சமப்படுத்தினேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். என் ஹெட்போனுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் ஒரு திருத்தமும் அமைத்துக்கொண்டேன். 150 ஹெர்ட்ஸை ஒட்டிய புடைப்பில் 3 டெசிபலும் 9 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய சீறலில் 4 டெசிபலும் குறைத்தேன். அடெல்ஃபியில் கண்ட இடைவெளியில் பெரும்பகுதி இங்கே மூடிக்கொண்டது. மிருதங்கத்தின் தாழ்ந்த தொனி தரும் இடப்பக்கமான தொப்பியும் தம்பூராவின் மந்தர ஷட்ஜமும் ஒன்றில் ஒன்று கரைந்துபோவதை இத்தனை ஆண்டுகளாகப் பதிவின் குறை என்றே நினைத்திருந்தேன். அது அந்த 150 ஹெர்ட்ஸ் புடைப்பின் வேலை.

எல்லாம் மூடவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஹெட்போன்களை மறைத்துவைத்து ஒப்பிட முடியாது. 430 கிராமையும் 285 கிராமையும் கழுத்தே சொல்லிவிடும். ஆகவே என் காதை நம்பித்தான் சொல்கிறேன். வீணைத் தந்தியை மீட்டியபின் கமகத்தில் நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும் அந்தக் கடைசி அரை நொடி, செலஸ்டீயில் தூய்மையாக இருந்தது. என்னுடையதில் அதே இடத்தில் பெட்டிக்குள் பேசுவது போன்ற மெல்லிய பூச்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் அழுத்தி எழுப்பும் கும்கி விழுந்ததும் தொப்பியின் கார்வை செலஸ்டீயில் வளைந்து எழுந்து அடங்கியது. எம்50எக்ஸில் எழுந்தது தெரிந்தது, அடங்கியது தெரியவில்லை. ஈக்வலைசரில் எந்த எண்ணை மாற்றியும் இது சரியாகவில்லை. கிண்ணத்துக்குள் தங்கிவிடும் எதிரொலிதான் காரணம் என்பது என் கணிப்பு. ஆயிரம் டாலர் எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான் என்று நான் கை காட்டுவேன்.

ஆனால் இந்த வேறுபாட்டை நான் கேட்ட இடம் படுக்கையறை அல்ல. அங்கே மின்விசிறி மூன்றாம் வேகத்தில் சுற்றும். மூடிய கிண்ணம் மேல்தொனி இரைச்சலைத் தடுக்குமே தவிர, விசிறியின் தாழ்ந்த உறுமலைப் பெரிதாகத் தடுப்பதில்லை. வீணையின் அந்தத் தேய்நாதம் முதலில் அதில்தான் மூழ்கிப்போகிறது. வீட்டிலேயே அமைதியான இடம் எது என்று யோசித்து, பாம் ஷெல்ட்டருக்குள் போய் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். தொண்ணூறுகளின் இறுதிக்குப் பின் கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் இந்தக் கனத்த கான்கிரீட் அறையை, இரும்புக் கதவோடு எல்லாரும் சாமான் அறையாகத்தான் வைத்திருக்கிறோம். பயணப்பெட்டிகளுக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே கதவைச் சாத்திக்கொண்டதும், ஒலியை அளக்கும் கைப்பேசிச் செயலியில் படுக்கையறையில் 47 டெசிபல் காட்டிய எண் 31க்கு இறங்கியது. மேலே சொன்ன நுணுக்கங்கள் அனைத்தும் அங்கே கேட்டவை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் பேடுக்குள் வியர்வை வழியத் தொடங்கியது. கதவைத் திறந்தபோது, மகள் வெளியே நின்று, “அப்பா ஏன் ஸ்டோர்ல ஒளிஞ்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

கடைசி மூன்று வாரங்களுக்கு, எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் கேட்டேன் என்று நாள்காட்டியில் குறித்துவந்தேன். மொத்தம் 34 மணி நேரம். அதில் 25 மணி நேரம் இரவு பத்துக்கு மேல் விசிறிக்குக் கீழே. 5 மணி நேரம் ரயிலில். அங்கே இரைச்சல் நீக்கும் சிறு காதுபோன்தான் உதவும், கம்பியோடு இருக்கும் இந்த அரைக் கிலோ வேலைக்கு ஆகாது. எஞ்சிய 4 மணி நேரம் ஞாயிறு விடியற்காலையில், விசிறியை நிறுத்திவிட்டுக் கூடத்தில் கேட்டது. 1,500 வெள்ளி வாங்கித் தரப்போவது அந்த நான்கு மணி நேரத்தைத்தான். 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து, அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை என்று வெளியிட்டிருந்தார். தொனியின் சமநிலையை மென்பொருளில் இலவசமாகவே பெற்றுவிட்டேன் என்பதால் அந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. தேய்நாதம் பற்றிய என் கேள்விக்கு அது விடையும் அல்ல.

இப்போதைக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். மைத்துனரிடம் செலஸ்டீயைத் திருப்பிக் கொடுத்தபோது, அவர் அதைத் தள்ளுபடி விலைக்கே தருவதாகச் சொன்னார். இரண்டு நிமிடம் பேச்சு வரவில்லை எனக்கு. ஒதுக்கிய பணத்தில் மெல்லிய டைட்டானியம் காம்பு வைத்த கண்ணாடிக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்; பழையதன் பவர் எப்படியும் மாறிவிட்டது. மகளுக்குத் தனி அறை ஒழித்துக்கொடுத்து, நான் விசிறியில்லாமல் குளிர்சாதனத்தை மெல்ல ஓடவிட்டுக் கேட்கக்கூடிய நாள் வந்தால் கணக்கை மறுபடி போடுவேன். அதற்குள் மூடிய வகையான சென்ஹைசர் எச்டி 620எஸ்ஸைப் புதிய கண்ணாடியோடு ஒருமுறை கேட்டுவர வேண்டும். அதன் மின்தடை 150 ஓம் என்பதால் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும்; நண்பரின் ஆம்ப்பை மீண்டும் இரவல் கேட்க நேரலாம். எம்50எக்ஸின் இடது பேடுக்குள், விளிம்பின் அடியில், மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்.