பெரியப்பாவின் மவுத்பீஸும் என்னுடையதும்

ஏப்ரல் 21, ஞாயிறு
பெரியப்பா கல்யாண பேண்டில் வாசித்த கிளாரினெட் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனைத் துண்டு) இன்று நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எபோனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். கறுப்பு போய்ப் பச்சையும் பழுப்புமாகிவிட்டது. வெளிச்சம் பட்டுப் பட்டு ரப்பரிலுள்ள கந்தகம் மேலே வந்தால் இப்படித்தான் ஆகும். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக நெடி. வெந்நீரில் கழுவினால் இன்னும் கெடும், பச்சைத் தண்ணீரே போதும். கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருக்கிறது. மேல்புறத்தில் அவர் பல் பதிந்த குழி மட்டும் அப்படியே. இப்போது நாங்கள் அந்த இடத்தில் ரப்பர் பேட்ச் ஒட்டிக்கொள்கிறோம்.

ஏப்ரல் 24, புதன்
காட்பாடியில் லாரி மெக்கானிக் நண்பரிடம் ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கிவந்தேன். மவுத்பீஸின் தட்டையான பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, நுனியில் தகடுகளைச் சேர்த்துச் சேர்த்துச் செருகினால் வாய் திறப்பு, அதாவது நுனிக்கும் ரீடுக்கும் (அதில் கட்டி அதிரவிடும் நாணல் பட்டை) நடுவே உள்ள இடைவெளி, தெரிந்துவிடும். பழையது ஏறக்குறைய 1 மி.மீ. என்னுடைய புதிய மவுத்பீஸ், பிரெஞ்சுக் கம்பெனி வாண்டோரனின் எம்30-க்குக் கம்பெனி சொல்வது 1.15 மி.மீ. அந்தச் சிறு இடைவெளியில் ஊதும் முறையே மாறிவிடுகிறது. திறப்பு குறைந்தால் ரீடு கொஞ்சம் கெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தும்போது வாய் மூடிக்கொள்ளும். திறப்பு அகலமானால் மெல்லிய ரீடு. ஒரே ரீடை இரண்டிலும் மாட்டி ஊதிவிட்டு ‘பழசு மட்டம்’ என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பழையதற்கு 3 நம்பர் ரீடு, புதியதற்கு அதைவிட மெல்லிய 2½ போட்டேன்.

மே 4, சனி
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வேலூர் வெயிலில் கிளாரினெட் சுருதி தானாகவே ஏறும், பழைய மவுத்பீஸில் அது இன்னும் ஏறிப் பேசுகிறது. கீபோர்டோடு சேர பேரலை (மவுத்பீஸுக்கு அடுத்த குட்டிக் குழாய்) வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. இழுத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்குவதில்லை. மேல் மூட்டின் உச்சியில் விரல் அதிகம் படாத சுரங்கள்தான் முதலில் தொங்கிப்போகின்றன. வாண்டோரனில் வழக்கமான வகை ‘ஏ’ சுரம் 442 ஹெர்ட்ஸாக இருக்கும் சுருதிக்கு, ‘13’ வரிசை 440-க்கு. இரண்டுக்கும் நடுவே சுமார் 8 சென்ட் (அரைச் சுரத்துக்கு நூறு சென்ட்). என்னுடையது 13 வரிசை, கீபோர்டோடு தகராறு இல்லை.

மே 8, புதன்
தோடி ராகம் வாசித்தேன். காந்தாரத்தை அசைக்க உதடு கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும். இதில் புதியதுதான் கைகொடுக்கிறது, கெட்டி ரீடு போட்ட பழையது சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கீழ் ஸ்தாயியில் நின்று நீளமாக இழுத்தால் பழையதன் நாதம் அடர்த்தி, எம்30 அதற்குக் கிட்டவே வரவில்லை. இது ரப்பரின் வயசால் வந்தது என்று நான் நம்பவில்லை. உள்ளறையின் வடிவமும் முகப்பின் வளைவும்தான் காரணம். நாகஸ்வரத்திலிருந்து கிளாரினெட்டுக்கு வந்து, அந்த கமகங்களையெல்லாம் (சுர அசைவுகள்) இதில் பேசவைத்தவர் ஏ.கே.சி. நடராஜன். அவர் வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம் உதடும் மூச்சும் எவ்வளவு செய்ய முடியும் என்று பிரமித்துப்போகிறேன்.

மே 12, ஞாயிறு
பழையதன் தட்டையான அடிப்பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கிறது, உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கித் தருகிறேன் என்றார் ஒரு பேண்டுக்காரர். வேண்டாம் என்றுவிட்டேன். அங்கே தேய்த்தால் நுனித் திறப்பு இன்னும் குறையும், இருக்கிற 1 மி.மீ.யும் போய்விடும். பேரலில் செருகும் இடத்தில் உள்ள தக்கை மட்டும் புதிதாக ஒட்டினேன். கீபோர்டு வைத்த கச்சேரிக்கு எம்30. தவிலும் சுருதிப் பெட்டியும் மட்டும் என்றால் பெரியப்பாவுடையது.