வடக்கயிறு

அக்டோபர் 12
மறுபடி ஈரோடு ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அய்யனுக்கு, படுக்கை கிடைக்க மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. ஜன்னலோரம் இல்லை.

அக்டோபர் 13
நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வரவில்லை. கேஸ் ஷீட் எழுத வந்த பெண் மூன்றாவது முறையாகக் கேட்கிறாள், "பீடி குடிப்பாரா?" வாழ்நாளில் ஒரு பீடி தொட்டதில்லை. மூன்று முறையும் சொன்னேன்.

அக்டோபர் 14
தூக்கம் வரவில்லை. அய்யன் கிணறு வெட்டியவர். நான் போனில் சுரங்கம் சுரங்கமாகப் படிக்கிறேன். ஸ்வீடனில் ஃபாலூன் செம்புச் சுரங்கம். பள்ளத்திலிருந்து தாது தூக்க மாட்டுத்தோலில் கயிறு திரித்திருக்கிறார்கள். அவ்வளவு மாட்டுக் கறியை என்ன செய்வது? சாசேஜ் போட்டார்களாம். இன்றைக்கும் அந்த ஊர்ப் பேரில்தான் விற்கிறது. அய்யனிடம் சொன்னேன்.

"நம்ம கவலைக்குத் தும்பிதான் கண்ணு தோலு. வடம் நாரு." கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது; தும்பி, தண்ணீர் கொட்டும் அதன் தோல்குழாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "தோலு நனஞ்சா இளகுமே?"

அதே கேள்வியை ராத்திரி இன்னொரு தரம் கேட்டார்.

அக்டோபர் 16
வெடிமருந்து வருவதற்கு முன்னால் சுரங்கத்தில் பாறையை ஒட்டி விறகை அடுக்கித் தீ வைப்பார்களாம். ராத்திரி முழுக்க எரியும். சூட்டில் வெடித்த பாறையைக் காலையில் பெயர்த்தெடுப்பார்கள். உள்ளே எவ்வளவு புகை இருந்திருக்கும்!

ஆட்கள் கையால் தமர் அடித்து, பாறையில் வெடிக்குத் துளை போட்ட காலத்தில் இவ்வளவு தூசி இல்லை என்கிறார் அய்யன். கம்ப்ரசர் வந்த பிறகுதான் கிணற்றுக்குள் ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் போனது. "வாயில துண்டக் கட்டிக்குவோம். அவ்வளவுதான்." அந்தத் துண்டு வீட்டில் எங்கேயோ இருக்கிறது. அம்மா துவைத்து அலசினால் தண்ணீர் பால் மாதிரி வரும்.

யாரும் சொல்லவில்லையா? யார் சொல்லியிருக்க வேண்டும்?

அக்டோபர் 17
சளி மட்டும்.

அக்டோபர் 18
1687இல் ஃபாலூனில் மொத்தமும் சரிந்து விழுந்திருக்கிறது. ஒருவர்கூடச் சாகவில்லை. அன்று நடுக்கோடைப் பண்டிகை, லீவு. அய்யன் சிரித்தார். "எங்களுக்கும் ஆடிப் பதினெட்டுக்கு லீவுதான்."

இன்னொன்றைச் சொல்லவில்லை. 1677இல் காணாமல் போன ஒருவனை 1719இல் தண்ணீர் நின்ற பாதையில் கண்டெடுத்தார்கள். செம்புச் சுரங்கத்துத் தண்ணீர் உடலைக் கெடாமல் வைத்திருக்கிறது. யாருக்கும் ஆள் தெரியவில்லை. கிழவி ஒருத்தி வந்து, நான் கட்டிக்கொள்ள இருந்தவன் என்றாளாம். 42 வருடம்.

அம்மாவிடம் கல்யாண போட்டோவை அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

அக்டோபர் 20
இதே தேதி, 1919. இங்கிலாந்தின் கார்ன்வாலில் லெவன்ட் சுரங்கம். ஆட்களை மேலே கொண்டுவர, மேலும் கீழும் அசையும் நீளத் தண்டில் படிப்பலகைகள் அடித்திருக்கும். பலகைக்குப் பலகை கால் மாற்றி மாற்றி மேலே வரவேண்டும். ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது தண்டு அறுந்தது. 31 பேர்.

அய்யன் லிஃப்டில் ஏறமாட்டேன் என்கிறார். கிணற்றில் இறங்குமுன் வடத்தை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற கை. இங்கே இழுக்கக் கயிறு தெரியவில்லை.

அக்டோபர் 22
வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவந்தேன். மேஜையில் அந்தக் கட்டி. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய கொடுமணலுக்குப் பள்ளியில் கூட்டிப்போனபோது நொய்யல் கரையில் பொறுக்கியது. பொறுக்கியிருக்கக் கூடாது, தெரியும். கருத்து, ஓட்டை ஓட்டையாக, பார்ப்பதைவிடக் கனம். அன்றைக்கு அய்யன் கையில் உருட்டிப் பார்த்து, "இது கிட்டம். இரும்பு போனது போக மிச்சம்" என்றார்.

1800இல் நம் பக்கம் வந்த புக்கானன் என்ற வெள்ளைக்காரர், இரும்பு உருக்கக் கருமணல் அரித்ததை எழுதியிருக்கிறார். இரும்பு ஓடையில் கிடைத்திருக்கிறது. தண்ணிக்குத்தான் அய்யனும் ஆட்களும் நூறடி இறங்கினார்கள்.

கட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை.

அக்டோபர் 24
ஆக்ஸிஜன் இரண்டு லிட்டரிலிருந்து நாலு.

அக்டோபர் 25
பெரிய டாக்டர் வந்தார். என்னிடம் தனியாகப் பேசினார். நாளைக்குக் கீழே மாற்றுகிறார்களாம், லிஃப்டில்தான். அய்யனிடம் சொன்னேன்.

"கயிறு பாத்தியா கண்ணு?"

பார்த்தேன் என்றேன்.