தண்ணீர் வடியும் நேரத்தில் ஃபிளாட்ஹெட்

சிட்னியில் புதிதாகத் தூண்டில் எடுப்பவர்கள் பலரும் தங்களுக்கு வசதியான நேரத்தில் போய், ஜெட்டியில் இடம் பிடித்து, கை எட்டும் தூரத்துக்கு வீசிவிட்டு உட்கார்ந்து விடுவார்கள். பிரீம் மீனுக்கு அது சில நாள் பலிக்கும். கழிமுகத்து டஸ்கி ஃபிளாட்ஹெட்டுக்குப் பலிப்பது அபூர்வம். அது இரை தேடி ஊர் சுற்றும் மீன் இல்லை. உடம்பை மணலில் புதைத்துக்கொண்டு, உச்சந்தலையில் இருக்கும் கண்களை மட்டும் வெளியே விட்டு, முகத்துக்கு எதிரே வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்குகிற மீன். அது எங்கே படுத்திருக்கும் என்று நாம்தான் கணிக்க வேண்டும். கணித்த பிறகு, இரையைத் தரையோடு தரையாக அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். பத்து மணி நேரம் வீசியும் ஒன்றும் சிக்காதவர்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

குயின்ஸ்லாந்தின் வடபகுதியிலிருந்து விக்டோரியாவின் கிழக்கு ஏரிகள் வரை, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுக்க இந்த மீன் உண்டு. செப்டம்பரில் தண்ணீர் சூடாகத் தொடங்கியதிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். குளிரிலும் பிடிபடும். ஆனால் அப்போது அதற்குச் சோம்பல், நமக்கு இரட்டிப்புப் பொறுமை தேவை.

முதலில் வற்றுப்பெருக்கு. கடல் ஏறும்போது மடவைக் குஞ்சு, இறால், சிறு நண்டு எல்லாம் மணல்திட்டின் மேலும் கண்டல் வேர்களுக்குள்ளும் கடற்புல்லுக்குள்ளும் பரவிவிடும். ஃபிளாட்ஹெட்டும் பின்னாலேயே போகும். அவ்வளவு பெரிய பரப்பில் அதைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதை. வற்றம் தொடங்கியதும் நிலைமை மாறும். குஞ்சுகள் அங்கே தங்க வழியில்லாமல் சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியே ஆழத்துக்கு இறங்கியாக வேண்டும். திட்டு முடிந்து சட்டென்று ஆழம் விழுகிற விளிம்பிலும், சிறு வாய்க்கால் பெரிய கால்வாயில் கலக்கிற முனையிலும் ஃபிளாட்ஹெட் நீரோட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கும். வற்றத்தின் கடைசி மூன்று மணி நேரமும், மறுபடி ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் வடிவதால் இந்த ஓட்டம் இன்னும் தெளிவாக இருக்கும்.

வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்கும்போது ஒரு கவனம். சிட்னிக்கு எல்லோரும் பார்ப்பது துறைமுகத்துக்குள் இருக்கும் ஃபோர்ட் டெனிசன் தீவின் நேரம். ஆற்றுக்குள் போகப் போக வற்றம் அதைவிடத் தாமதமாகத்தான் வரும். குறுகிய வாய் உள்ள ஏரிகளில் கணக்கே வேறு. சிட்னிக்கு வடக்கே லேக் மெக்குவாரியில், ஏரியைக் கடலோடு சேர்க்கும் ஸ்வான்சீ கால்வாயில் தண்ணீர் ஆளை இழுக்கிற வேகத்தில் ஓடும், ஏரியின் உள்ளே மட்டம் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியாது. அங்கே கால்வாய் கொண்டுவந்து கொட்டிய மணல் ஏரிக்குள் சரிகிற விளிம்புதான் பார்க்க வேண்டிய இடம். 2002-இல் வணிக வலைகளை நிறுத்தி, பொழுதுபோக்கு மீன்பிடிக்கென்று ஒதுக்கிய நீர்நிலைகளில் மெக்குவாரியும் பாட்டனி விரிகுடாவும் அடக்கம். படகு இல்லாதவர்களுக்கு நாராபீன் ஏரியும், போர்ட் ஹாக்கிங்கில் மையன்பார் பக்கத்து மணல்திட்டுகளும் முழங்கால் தண்ணீரில் நடந்தே வீசத் தோதானவை.

புது இடத்துக்கு முதல் தடவை தூண்டில் இல்லாமல், தண்ணீர் முழுதாக வடிந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். ஈரமணலில் மீன் படுத்திருந்த அச்சு அப்படியே தெரியும். முன்பக்கம் அம்புமுனை போல அகன்ற தலை, பின்னால் குறுகிக்கொண்டே போகும் உடல், சில அச்சுகளில் செட்டை விரிந்த தடமும் இருக்கும். தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அது இரையை எதிர்பார்த்திருக்கிறது. ஒரே வாய்க்கால் ஓரத்தில் நாலைந்து அச்சு இருந்தால் அந்த இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளலாம். அடுத்த வற்றத்திலும் மீன் அங்கே படுக்க நல்ல வாய்ப்பு உண்டு. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், திருக்கை ஒதுங்கிப் போய்விடும். சிப்பி காலைக் கிழிக்கும், அதனால் பழைய ஷூ கட்டாயம். திருக்கை முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவ உதவியைத் தேட வேண்டும். முள் உள்ளே ஏறி நின்றிருந்தால் பிடுங்கக் கூடாது.

கருவிக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். 7 அடி நீளத்தில் 2 முதல் 4 கிலோ நரம்புக்கு ஏற்ற ராடு, 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 8 பவுண்டு பிரெய்டு (பின்னல்) நரம்பு. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ராடில் பிடிக்கலாம், பிரெய்டில் பிடிக்கக் கூடாது. நைலான் நரம்பு இழுபடும், அதனால் இரை தரையைத் தொட்டதும் மீன் தட்டியதும் கைக்கு வராது. பிரெய்டின் நுனியில் 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (கொக்கியைக் கட்டும் முன்நரம்பு) ஒரு ராடு நீளத்துக்கு. ஃபிளாட்ஹெட்டின் பல் கடித்து அறுப்பதில்லை, உப்புத்தாள் மாதிரி தேய்த்து அறுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் லீடரை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். இந்த அரை நிமிடத்துக்குச் சோம்பல் பட்டவர்கள்தான் பெரிய மீன் அறுத்துக்கொண்டு போன கதையைச் சொல்வார்கள். டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடுகிற இறுக்கத்தை, நரம்பின் பலத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைத்தால் போதும், ஏறக்குறைய 1 கிலோ. வீசியதும் பெயிலை (ரீலின் மடக்குக் கம்பியை) கையால் மூடி, தொய்வை விரலால் இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். காற்று நாளில் பிரெய்டு கூடுகட்டுவது பாதி குறையும்.

இரை 3 முதல் 4 அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான செயற்கை இரை), துடுப்பு வால் உள்ளது. அதைக் கோக்கும் ஜிக் ஹெட்டின் (ஈயத்தலைக் கொக்கியின்) அளவு 3/0. எடைதான் முக்கியம்: 1.5 மீட்டர் ஆழத்துக்குள் மெதுவான ஓட்டத்தில் 3.5 கிராம், 2 முதல் 4 மீட்டரில் 7 கிராம், ஓட்டம் வேகமாக இருந்தால் 10 கிராம். பிளாஸ்டிக்கைக் கோக்கும் முன் ஜிக் ஹெட்டை அதன் பக்கத்தில் வைத்து, கொக்கி எங்கே வெளியே வர வேண்டும் என்று நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவில் நுழைத்து, குறித்த இடத்தில் முதுகின் நட்ட நடுவில் வெளியே எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பிளாஸ்டிக் வளைந்து நிற்கும். வளைந்தது தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கேறும், மீனும் திரும்பிப் பார்க்காது. ஸீமேன் (Z-Man) நிறுவன வகை பிளாஸ்டிக்கை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த ரப்பர் ஜிக் ஹெட்டிலிருந்து வழுக்கி இறங்கும், ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்தால் நிற்கும். கல்ப் (Gulp) என்கிற சாறு ஊறிய இரை வகையை வெயிலில் விட்டால் காய்ந்து கல்லாகிவிடும், பையின் சாற்றிலேயே திரும்பப் போட்டு மூட வேண்டும். நிறத்தைப் பற்றிக் கடைகளில் நீண்ட விவாதம் நடக்கும். கலங்கல் தண்ணீருக்கு அடர் நிறம் அல்லது பளிச்சென்ற நிறம், தெளிந்த தண்ணீருக்கு மீன்குஞ்சு நிறம். அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இனி வீசும் முறை. நீரோட்டம் வரும் திசைக்குச் சாய்வாக வீசுங்கள், இரை ஓட்டத்தோடு இறங்கி மீனின் முகத்துக்கு எதிரே வரும். எதிர்த்திசையில் இழுத்தால் மீனின் முதுகுப் பக்கமிருந்து வந்து அதை மிரட்டும். இரை தண்ணீரில் விழுந்ததும் பெயிலை மூடி, நரம்பைப் பார்த்தபடி எண்ணுங்கள். விறைப்பாக இறங்கிக்கொண்டிருந்த நரம்பு திடீரென்று தொய்ந்தால் தரை வந்துவிட்டது. ராடு நுனியைத் தரைமட்டத்திலிருந்து தலைமட்டத்துக்கு இரண்டு தட்டாகத் தூக்குங்கள். தூக்கியதும் நுனியைத் தாழ்த்தும் வேகத்திலேயே தொய்வைச் சுற்றிக்கொண்டு, இரை மறுபடி தரையில் உட்காரும் வரை காத்திருங்கள். இறங்க 2 முதல் 4 விநாடி ஆக வேண்டும். உடனே உட்கார்ந்தால் ஜிக் ஹெட் கனம் அதிகம். ஐந்து எண்ணியும் தரை தெரியவில்லை என்றால் கனம் போதாது, மாற்றுங்கள். பத்தில் எட்டு கடி இந்த இறங்கும் நேரத்தில்தான் விழும். அந்த நேரத்தில் நரம்பு தொங்கிக்கொண்டிருந்தால் மீன் வாயில் எடுத்து, ருசி பார்த்து, துப்பியது கூட நமக்குத் தெரியாது. கடி பெரும்பாலும் ஒற்றைத் தட்டு, விரலால் மேசையைச் சுண்டியது போல. சில நேரம் தட்டே இருக்காது, தூக்கும்போது ஈரச்சாக்கு மாதிரி கனக்கும். இரண்டுக்கும் ராடை நிதானமாக, உறுதியாகத் தூக்கினால் போதும், வெட்டி இழுக்க வேண்டாம்.

ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். விசிறி மாதிரி ஐந்தாறு வீச்சு, பிறகு பத்தடி நகர்வு. ஒரு மீன் பிடிபட்டால் மட்டும் அங்கேயே நின்று இன்னும் பத்து வீச்சாவது போடுங்கள், கோடைக் காலத்தில் ஒரு பெரிய பெண் மீனைச் சுற்றிச் சிறிய ஆண்கள் படுத்திருப்பது வழக்கம்.

நிஜ இரைதான் வேண்டும் என்பவர்களுக்கு: ஓடுகிற உருண்டை ஈயம், அடியில் சுவிவல் (சுழல் வளையம்), 50 சென்டிமீட்டர் லீடர், 3/0 கொக்கி, முழுப் பில்ச்சார்ட் (மத்தி வகை மீன்). இதையும் போட்டுவிட்டு உட்காராமல் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை அரை மீட்டர் இழுத்துக்கொண்டே வர வேண்டும். இரைக்காகச் சூப்பர்மார்க்கெட்டில் சமையலுக்கு விற்கும் பச்சை இறாலை வாங்கவே கூடாது. இறக்குமதி இறாலில் வெள்ளைப்புள்ளி நோய்க்கிருமி இருக்கக்கூடும். 2016-இல் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரை இறால் பண்ணைகளை அந்த நோய் காலி செய்தது. தூண்டில் கடையில் இரை என்றே விற்கும் உள்ளூர் இறாலை வாங்குங்கள்.

மீனைக் கரைசேர்க்கும்போது அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காதீர்கள். தலை வெளியே வந்த நொடியில் இரண்டு பக்கமும் உதறும், லீடர் பல்லில் உரசும், அவ்வளவுதான். ராடைத் தாழ்வாகப் பிடித்து, தண்ணீருக்குள் முன்பே வைத்த வலைக்குள் தலை முன்னே போகும்படி வழிநடத்துங்கள். முடிச்சில்லாத ரப்பர் வலை செதிலைக் கெடுக்காது. செவுள் மூடியின் இரண்டு பக்கமும் பின்னோக்கி நீட்டியிருக்கும் முட்கள் விரலில் ஏறினால் அன்றைய நாள் போச்சு. உதட்டுக் கவ்வியால் பிடித்து, வயிற்றுக்கு ஈரக்கையால் முட்டுக் கொடுத்து, நீள மூக்கு இடுக்கியால் கொக்கியை எடுங்கள்.

அளவு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டஸ்கிக்கு நியூ சௌத் வேல்ஸில் 36 முதல் 70 சென்டிமீட்டர், குயின்ஸ்லாந்தில் 40 முதல் 75, விக்டோரியாவில் 30 முதல் 55. மூன்றிலும் ஆளுக்கு 5 மீன். மேல்வரம்பு வைத்ததற்குக் காரணம், பெரியவை ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் பெண்கள். வாலின் மேல்மூலையில் கரும்புள்ளியும் கீழ்ப்பக்கம் நீலச்சாயலும் இருந்தால் டஸ்கி. மற்ற ஃபிளாட்ஹெட் வகைகளுக்கு வேறு கணக்கு. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் நியூ சௌத் வேல்ஸில் ஃபிஷ்ஸ்மார்ட் செயலியைப் போனில் வைத்திருப்பது நல்லது. அங்கே 18 வயது தாண்டியவர்கள் கட்டணம் கட்டிய ரசீதோடுதான் தூண்டில் போட வேண்டும். மணலுக்குள் இருக்கும் நிப்பரை (இறால் போன்ற சிறு உயிரியை) இரைக்காக பம்ப் அடித்து எடுப்பதற்கும் அதே ரசீது தேவை.

பாரமட்டா, ஹோம்புஷ் பக்கம் நம்மவர்கள் அதிகம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சிட்னி ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனையோ நண்டையோ இறாலையோ சாப்பிடக் கூடாது என்பது அரசின் அறிவுரை. அடிச்சேற்றில் படிந்த டயாக்ஸின் நச்சுதான் காரணம். பாரமட்டா ஆறும் அதில் அடக்கம். அங்கே பிடித்தால் திரும்ப விட்டுவிடுங்கள்.

வேறு இடத்தில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால், மீனை உடனே கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்த பெட்டியில் போடுங்கள். வெறும் ஐஸ் மேலே வைத்ததைவிட வேகமாகக் குளிரும். சதை வெள்ளை, கொழுப்பு மிகக் குறைவு. அதனால் ஒரு நிமிடம் கூடுதலாக அடுப்பில் நின்றாலும் பஞ்சாகிவிடும். முதுகெலும்பை ஒட்டித் துண்டுகளை அறுத்தெடுத்த பிறகு, முன்பாகத்தில் மட்டும் ஒரு வரிசை முள் நிற்கும். விரலால் தடவிப் பார்த்து, அதன் இரு பக்கமும் கத்தியை ஓட்டிக் கீற்றாக எடுத்துவிட்டால் குழந்தைகளுக்குக் கவலையில்லாமல் கொடுக்கலாம். வால் பக்கத்தில் முள்ளே இல்லை. மிஞ்சிய தலையையும் எலும்பையும் எறியாதீர்கள், சொதிக்கு அதுதான் சுவை. செவுளை மட்டும் முழுதாக நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் கசக்கும்.